ஸ்மோக் ஆன் த வாட்டர்: அந்தப் புகை எங்கிருந்து வந்தது?

பழைய_கேசட் எழுதியது:

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் ஸ்மோக் ஆன் த வாட்டர் (தண்ணீர்மேல் புகை) கஞ்சாவைப் பற்றிய பாட்டு என்று எழுதிவிட்டுப் போனார். அதற்குக் கீழே நாலைந்து பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அந்த இழையைத் திசை திருப்ப வேண்டாம் என்று இங்கே தனியாக எழுதுகிறேன். அது போதைப் பாட்டு இல்லை. ஒரு கட்டடம் எரிந்த கதை. ஊர், ஆட்கள், ஓட்டல், லாரி என்று அதில் வருகிற எல்லாமே நிஜம்.

1971 டிசம்பர் தொடக்கத்தில் டீப் பர்ப்பிள் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மொந்த்ரோ ஊருக்குப் போகிறது. கிதார் ரிட்சி பிளாக்மோர், குரல் இயன் கில்லன், பேஸ் ரோஜர் குளோவர், ஆர்கன் ஜான் லார்ட், டிரம்ஸ் இயன் பெய்ஸ். அடுத்த ஆல்பத்தை ஸ்டூடியோவில் இல்லாமல் ஒரு பெரிய காலி அரங்கில், மேடையில் வாசிப்பது போலவே வாசித்துப் பதிவு செய்யவேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஊர் கேசினோவின் அரங்கு குளிர்காலத்துக்காக மூடப்படுகிற நேரம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதற்கு முன் அங்கே ஒரே ஒரு கச்சேரி பாக்கி: டிசம்பர் 4, அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவும் அவருடைய மதர்ஸ் குழுவும். பர்ப்பிள் ஆட்களும் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்கிறார்கள்.

கச்சேரி நடக்கும்போது கூட்டத்தில் ஒருவன் ஃபிளேர் துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட்டுவிட்டான். கடலில் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்டு வானத்தில் ஒளிக்குண்டு விடுவார்களே, அந்தத் துப்பாக்கி. அரங்கின் கூரையில் பிரம்பு வேய்ந்திருந்தார்கள். காய்ந்த பிரம்பு, சொல்லவா வேண்டும். ஸப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு, பதற்றப்படாமல் வெளியே போங்கள் என்று மைக்கில் சொல்கிறார். கண்ணாடி ஜன்னலை உடைத்தெல்லாம் ஆட்கள் வெளியேறினார்கள். கேசினோ முழுக்க எரிந்து போனது, ஸப்பா குழுவின் கருவிகளும் அதோடு போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதுதான் பெரிய விஷயம்.

பர்ப்பிள் ஆட்கள் ஓட்டலுக்குத் திரும்பி அங்கிருந்து நெருப்பைப் பார்த்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போய் ஏரியின் மேல் பரப்பியது. தலைப்பில் இருக்கும் புகையும் தண்ணீரும் அவைதான், வேறு உள்ளர்த்தம் கிடையாது.

தலைப்பைக் கொடுத்தது குளோவர். ஓரிரு நாள் கழித்துக் காலையில் தூக்கத்திலிருந்து எழும்போது அந்தச் சொற்கள் தானாக வாயில் வந்தன என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கில்லனிடம் சொன்னபோது அவருக்கு முதலில் தோன்றியதே இது போதைப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்பதுதான். அதனால் தலைப்பைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். போன வார இழையில் நடந்த குழப்பத்தை அவர்களே அன்றைக்கு எதிர்பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

ஆறாவதுதந்தி எழுதியது:

நல்ல பதிவு. கேசினோ தீ பற்றித் தெரியும், ஸப்பா கச்சேரி என்பது தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கதை பெரிதாக இருக்கிறது, பாட்டின் வரிகளோ அவ்வளவு சாதாரணம். இங்கே போனோம், அது எரிந்தது, அப்புறம் அங்கே போனோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கவிதை எங்கே இருக்கிறது? திரும்பத் திரும்ப வருகிற அந்த நாலு சுர கிதார் துண்டு, அந்த ரிஃப் இல்லையென்றால் இன்றைக்கு யாராவது இதைப் பேசுவோமா? என்னைக் கேட்டால் இந்தப் பாட்டு பிளாக்மோர் பாட்டு, மற்றது எல்லாம் கூடவே வந்தது.

தாளக்கட்டு எழுதியது:

வரிகளைப் பற்றி பழைய_கேசட் அண்ணன் பதில் சொல்லட்டும். ரிஃப் பதிவான கதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது வரிகளுக்கு முன்பே பதிவாகிவிட்டது. பலபேர் தீ விபத்தை மனதில் வைத்து உட்கார்ந்து இந்த ரிஃப்பை உருவாக்கினார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

கேசினோ போனதும் அவர்களிடம் மிச்சமிருந்தது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடம் வாடகைக்கு எடுத்த நடமாடும் ஸ்டூடியோ லாரி. உள்ளே முழுப் பதிவு அறை, மைக் ஒயரை இழுத்து எந்தக் கட்டடத்துக்குள் வேண்டுமானாலும் போடலாம். லெட் செப்பலின் குழுவின் நான்காவது ஆல்பத்துக்கும் இதே லாரியைத்தான் பயன்படுத்தினார்கள். இன்று கனடாவில் கால்கரி நகரத்து இசை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆக லாரி இருக்கிறது, வாசிக்க இடம் இல்லை. ஊருக்குள் பவிலியன் என்றொரு பழைய அரங்கு கிடைத்தது. உள்ளே போய்க் கருவிகளை வைத்து ராத்திரியில் வாசிக்க ஆரம்பித்தார்கள். டீப் பர்ப்பிள் வாசித்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்து ஆட்கள் போலீசுக்குப் புகார் கொடுத்துவிட்டார்கள்.

போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே ஒரு டிராக் நன்றாக வந்துகொண்டிருக்கிறது, நடுவில் நிறுத்த யாருக்கும் மனமில்லை. குழுவின் உதவியாளர்கள் கதவை உள்பக்கமிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர்கள் வாசித்து முடித்தார்கள். அந்த அரங்கில் உருப்படியாகக் கிடைத்தது அந்த ஒரே டிராக்தான். வரிகள் இல்லை, பெயரும் இல்லை. அதுதான் பின்னால் ஸ்மோக் ஆன் த வாட்டர் ஆனது. அதற்கப்புறம் பவிலியனிலிருந்து கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் கிடைத்தது ஊர் ஓரத்தில் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஓட்டல். காலி, இருட்டு, எலும்பை நடுக்கும் குளிர். ஓட்டலின் உள் நடைபாதை ஒன்றில் கருவிகளை வைத்தார்கள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க ஓட்டல் மெத்தைகளைச் சுற்றிலும் நிறுத்தினார்கள், சூடேற்றப் பெரிய ஹீட்டர்கள், கொஞ்சம் சிவப்பு விளக்குகள். அந்தச் சிவப்பு விளக்கும் பழைய கட்டிலும் பாட்டிலேயே வருகின்றன, கவனித்துப் பாருங்கள். வாசித்ததைக் கேட்டுப்பார்க்க வேண்டுமானால் அறைகள், பால்கனி எல்லாம் தாண்டி வெளியே நிற்கும் லாரிக்குப் போய்வர வேண்டும். குளிரில் அதற்குச் சலித்துப்போய் ஒரு கட்டத்தில் கேட்டுப்பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சரியாகத் தோன்றினால் அடுத்த பாட்டு. இப்படிப் பதிவான மெஷின் ஹெட் ஆல்பத்தில் ஒரு வேகமும் தைரியமும் இருக்கிறதே, அதற்குப் பாதிக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்பது என் கருத்து. திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தால் அதில் வருகிற அந்த ஹைவே ஸ்டார் பாட்டு நமக்குக் கிடைத்திருக்காது.

ஒலிப்பதிவு மார்ட்டின் பர்ச். டிசம்பர் 6 முதல் 21 வரை, ஒரு மாதம்கூட இல்லை.

பழைய_கேசட் எழுதியது:

ஆறாவதுதந்தி சகோ, நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் இந்தப் பாட்டின் பலமாகப் பார்க்கிறேன்.

பதிவு முடியப்போகிற நேரத்தில் ஆல்பத்தின் நீளம் போதவில்லை, இன்னும் சில நிமிடப் பாட்டு வேண்டும் என்றார் பர்ச். பவிலியனில் எடுத்த டிராக் வரிகள் இல்லாமல் கிடக்கிறது, எடு அதை என்றார்கள். கில்லனிடமும் குளோவரிடமும் கற்பனை செய்து பாட்டு எழுத அவகாசம் இல்லை. அந்தச் சில வாரங்களில் தங்களுக்கு என்ன நடந்ததோ அதை எழுதினார்கள். எந்த ஊருக்கு வந்தோம், எதற்கு வந்தோம், யார் கச்சேரி, எவன் சுட்டான், யார் ஓடி ஓடி ஆட்களைக் காப்பாற்றினார், அப்புறம் எங்கே போய் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பதிவு செய்தோம் என்பது வரை. பாட்டு தன்னுடைய பிறப்பைத் தானே சொல்கிறது. அந்தக் காலத்து ராக் பாட்டுகளில் இப்படி எத்தனை இருக்கிறது? அந்த வருடங்களில் எல்லோரும் மந்திரவாதி, மலைராஜா, விண்வெளி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், இதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டே விண்வெளிதான். நடுவில் இது மட்டும் நாள் தேதியோடு எழுதிய கடிதம் மாதிரி நிற்கிறது.

இன்னொன்று. இந்த ரிஃப் பெரியது, மெதுவானது, கனமானது. அதன் மேல் அலங்காரமான வரிகளை வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருக்கும். கில்லன் நினைத்தால் கூரை அதிரக் கத்தக்கூடிய ஆள், இவர்களுடைய சைல்ட் இன் டைம் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இங்கே அவர் அப்படிக் கத்துவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிற குரலில் பாடுகிறார். ரிஃப்புக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

கரிசல்காடு எழுதியது:

ஸப்பா ரசிகனாக ஒரு வார்த்தை. எல்லோரும் பர்ப்பிள் பக்கத்துக் கதையையே சொல்கிறார்கள், தீயில் உண்மையில் எல்லாம் இழந்தவர் ஸப்பா.

கிங் காங் என்ற தங்கள் உருப்படியை வாசித்துக்கொண்டிருக்கும்போது, குழுவின் டான் பிரஸ்டனின் சின்தசைசர் தனி வாசிப்பின் நடுவில் தீ பிடித்தது. அந்தக் கச்சேரியை யாரோ ரகசியமாகப் பதிவு செய்து பின்னால் திருட்டு ரெக்கார்டாக வெளியே விட்டார்கள், அதில் தீ என்று கத்துகிற குரல் வரை கேட்கும். பிற்பாடு ஸப்பாவே தன் திருட்டு ரெக்கார்டுகளை அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது இதையும் சேர்த்துக்கொண்டார். கேட்க விரும்புகிறவர்கள் தேடிக் கேளுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சாதாரணமாக எழுந்து போய்விட முடியாது.

சுற்றுப்பயணம் பாதியில் நிற்கிறது, கருவி ஒன்றுகூட இல்லை. எப்படியோ வாடகைக் கருவிகளோடு லண்டன் ரெயின்போ அரங்கில் டிசம்பர் 10 மேடையேறுகிறார். தீ விபத்து நடந்து ஆறே நாள். அங்கே பார்வையாளன் ஒருவன் மேடையேறி அவரைத் தள்ளிவிட்டான். மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில், கான்கிரீட்டில் விழுந்தார். கால் முறிந்தது, தலையிலும் முதுகிலும் அடி, குரல்வளை நசுங்கியது. மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. அவர் குரல் அதற்கப்புறம் நிரந்தரமாகத் தாழ்ந்துபோனது. 1971க்குப் பிந்தைய ஸப்பா பாட்டுகளில் கேட்கிற அந்தக் கீழ்க்குரல் அந்த விழுதலால் வந்தது.

பர்ப்பிள் பாட்டை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் முதல் பத்தியில் அவர் பெயர் வருகிற இடத்தில் எனக்கு அந்த ஒரு வாரம்தான் ஞாபகம் வரும்.

தாளக்கட்டு எழுதியது:

கரிசல்காடு, நீங்கள் சொன்னதோடு ஒட்டிய ஒரு விஷயம். 1997இல் குளோவர் மெஷின் ஹெட் முழுவதையும் பழைய டேப்பிலிருந்து மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பாக வெளியிட்டார். அதில் இந்தப் பாட்டின் முடிவில், மூலப் பதிப்பில் ஒலி தேய்ந்து மறையும் இடத்தைத் தாண்டி, கில்லன் மைக்கில் "ஃபிராங்க், காலை உடைத்துக்கொள்" என்று சொல்வது கேட்கும். மேடையேறுகிறவரை வாழ்த்த ஆங்கிலேயர்கள் சொல்வது அது, ரெயின்போவில் நடந்ததை மனதில் வைத்துச் சொல்கிறார். அப்படியானால் கில்லன் குரல் பதிவானது டிசம்பர் 10க்குப் பிறகுதான். வரிகள் கடைசியில் வந்தன என்பதற்கு டேப்பிலேயே சாட்சி இருக்கிறது.

மெஷின் ஹெட்டுக்கு 2024இல் வந்த பெரிய பெட்டிப் பதிப்பில் புதுக் கலவை செய்தது யார் தெரியுமா? டிவீசில் ஸப்பா. ஃபிராங்கின் மகன்.

ஆறாவதுதந்தி எழுதியது:

டிவீசில் விஷயம் புதிது, நன்றி. பாட்டு நடந்ததை அப்படியே சொல்கிறது என்கிற வாதத்தை ஏற்கிறேன், ஆனால் ரிஃப் பற்றி நான் சொன்னதை விடமாட்டேன். அதைப் பற்றி யாரும் இன்னும் சரியாகப் பேசவில்லை.

கிதார் கற்கிற எல்லோரும் முதல் வாரத்தில் வாசிப்பது இதைத்தான், பெரும்பாலும் தவறாக. பவர் கார்டு (ஐந்தாம் இடைவெளியில் இரண்டு சுரம்) பிடித்து, பிக் என்கிற சின்னத் தகட்டால் ஓங்கி அடிக்கிறார்கள். பிளாக்மோர் வாசிப்பது அது இல்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நான்காம் இடைவெளியில் இன்னொரு சுரம் சேர்த்து, இரண்டு தந்தியையும் ஒரே நேரத்தில் விரலால் சுண்டுகிறார். பிக் போட்டால் ஒரு தந்தி கொஞ்சம் முன்னால், ஒரு தந்தி கொஞ்சம் பின்னால் ஒலிக்கும். விரலால் சுண்டினால் இரண்டும் ஒன்றாகக் குதிக்கும். அந்த இறுக்கம் அதனால் வருகிறது. பவர் கார்டு ஐந்தாம் இடைவெளி, அது தடித்துப்போய்ச் சத்தமாக இருக்கும், ஆனால் இதில் இருக்கிற அந்த வெற்று, கொஞ்சம் பழங்காலத்து ஒலி வராது. பிளாக்மோரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரின் ஒலியே அவ்வளவு அழுக்கும் இல்லை, கேட்டுப் பாருங்கள். அழுக்கு எல்லாம் ஜான் லார்டிடமிருந்து வருகிறது. ஹாமண்ட் ஆர்கனை வழக்கமான லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டியில் விடாமல் கிதாருக்கான மார்ஷல் ஆம்பில் விட்டு உறும வைத்தார். பாதிப் பேர் இரண்டாவது கிதார் என்று நினைப்பது அவர் ஆர்கனைத்தான்.

அப்புறம் நுழைகிற வரிசை. முதலில் கிதார் தனியாக. பிறகு ஆர்கனும் பெய்ஸின் ஹைஹாட் ஜால்ராவும். பிறகு மற்ற டிரம்ஸ். கடைசியில்தான் குளோவர் பேஸ் உள்ளே வருகிறார், அந்த இடத்தில் தரை அதிர்கிற மாதிரி இருக்கும். ரிஃப் ஒரு சுரம்கூட மாறவில்லை, அதைச் சுற்றி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். இதைச் சொல்லாமல் தீ, போலீஸ் என்று மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

ஏரிக்கரை_மாலா எழுதியது:

நான் லொசானில் இருக்கிறேன், மொந்த்ரோ இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. யாரும் கிளாட் நொப்ஸ் பற்றிப் பெயர் சொல்லி எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டில் ஓடி ஓடி ஆட்களை வெளியே இழுத்ததாக வருகிற கிளாட் அவர்தான்.

அவர் மொந்த்ரோ சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1967இல் மொந்த்ரோ ஜாஸ் விழாவை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர், கடைசிவரை அதை நடத்தியவர். தீப்பிடித்த அன்று, உள்ளேயே ஒளிந்துகொண்டால் தப்பிக்கலாம் என்று நினைத்துப் போன இளையவர்களைத் தேடிப்போய் வெளியே கொண்டுவந்தார். அதோடு நிற்கவில்லை. தன் ஊரின் கேசினோ சாம்பலாகிக் கிடக்கிறது, அந்த நிலையிலும் ஓர் ஆங்கில ராக் குழு பதிவு செய்ய இடமில்லாமல் நிற்கிறதே என்று அடுத்த நாளிலிருந்து அவர்களுக்காக அலைந்தார். பவிலியனைப் பிடித்துக் கொடுத்தது அவர். அது போனதும் கிராண்ட் ஓட்டலுக்கு வழி செய்ததும் அவர். அவர் இல்லையென்றால் பர்ப்பிள் பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டன் திரும்பியிருக்கும், இந்தப் பாட்டும் இல்லை, மெஷின் ஹெட்டும் இந்த வடிவத்தில் இல்லை.

பழைய_கேசட் அண்ணா சொன்ன மாதிரி வரிகள் சாதாரணமாக இருப்பதால்தான் அவருக்குப் பாட்டில் இந்த இடம் கிடைத்தது. அலங்காரமாக எழுதியிருந்தால் ஒரு சுற்றுலா அலுவலக ஊழியரின் பெயர் எப்படி உள்ளே வரும்? அவருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டியபோது, இது உனக்காகச் செய்தது, ஆல்பத்தில் சேர்க்கிற எண்ணம் இல்லை என்றார்களாம். உங்களுக்கு என்ன பைத்தியமா, இது பெரிய வெற்றி பெறும் என்று அவர் சொன்னதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2012 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிச்சறுக்கில் விழுந்து நினைவிழந்து, 2013 ஜனவரியில் காலமானார். ஜான் லார்ட் அதற்கு ஆறு மாதம் முன்னால், 2012 ஜூலையில்.

கேசினோவை 1975இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அதற்குள்தான் மவுண்டன் ஸ்டூடியோஸ் வந்தது, ஃப்ரெடி மெர்குரி பாடிய குயீன் குழு அதை விலைக்கே வாங்கியது. இன்றைக்கு மொந்த்ரோ வருகிற பாதிப் பேர் ஏரிக்கரையில் ஃப்ரெடி மெர்குரி சிலையோடு படம் எடுக்கத்தான் வருகிறார்கள். எரிந்த கட்டடத்தின் இடத்தில்தான் அந்த ஸ்டூடியோவும் எழுந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

ஆறாவதுதந்தி எழுதியது:

மாலா அக்கா, கிளாட் பற்றி இவ்வளவு தெரியாது. பெயர் உள்ளே வந்தது பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்த இடத்தில் வரிகள் ஜெயித்துவிட்டன.

கரிசல்காடு எழுதியது:

சேர்க்கிற எண்ணம் இல்லை என்றது நம்பும்படிதான் இருக்கிறது. 1972 மார்ச்சில் ஆல்பம் வந்தபோது அவர்கள் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டாக, தேர்ந்தெடுத்தது நெவர் பிஃபோர். இன்றைக்கு அந்தப் பாட்டை எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள்? ஸ்மோக் ஆன் த வாட்டர் அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது 1973இல், ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. பில்போர்ட் தரவரிசையில் 4ஆம் இடம்வரை ஏறியது. அது ஏறிக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஜூன் கடைசியில் கில்லனும் குளோவரும் குழுவை விட்டு விலகிவிட்டார்கள். வரிகளை எழுதிய இரண்டு பேருமே அதன் உச்சத்தின்போது உள்ளே இல்லை.

பழைய_கேசட் எழுதியது:

ஆமாம், அது இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் கில்லன் இந்தப் பாட்டை ஒரு நல்ல காரியத்துக்கு மறுபடி எடுத்தார். 1988 டிசம்பர் 7 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு நிதி திரட்ட இதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். கில்லனோடு புரூஸ் டிக்கின்சன், பால் ராஜர்ஸ், பிரையன் மே, டேவிட் கில்மோர், டோனி அயோமி, பிளாக்மோர் என்று ஒரு பெரிய பட்டாளம். பின்னாளில் கில்லனும் அயோமியும் ஆர்மீனியாவின் கியும்ரி ஊரில் இசைப்பள்ளி கட்டவும் நிதி சேர்த்தார்கள். ஊர் இடிந்தவர்களுக்காகப் பாட என்று யோசித்தபோது, ஒரு கட்டடம் எரிந்த பாட்டையே தேர்ந்தெடுத்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: முதலில் 1972 மூலப் பதிவு, இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டு. அப்புறம் மேட் இன் ஜப்பான் என்ற நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் இருப்பது, 1972 ஆகஸ்ட் 15 ஒசாகாவில் எடுத்தது. தொடக்கத்தில் பிளாக்மோர் ரிஃப்பின் தாளத்தை மாற்றி வாசித்துவிட்டு நிறுத்தி மறுபடி பிடிப்பார், கூட்டம் அவரோடு கைதட்டிக்கொண்டே போகும். அதற்கப்புறம் தாளக்கட்டு சொன்ன 1997 கலவையைக் கேட்டால் உள்ளே என்னென்ன இருந்தது என்பது புரியும். டிவீசில் கலவை நான் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை, கேட்டவர்கள் எழுதுங்கள்.

ஆறாவதுதந்தி எழுதியது:

கேட்டிருக்கிறேன், பேஸும் டிரம்ஸும் நன்றாக முன்னால் வந்திருக்கின்றன. குளோவர் நுழைகிற இடத்துக்காகவே கேட்கலாம். அதே ஆல்பத்தின் லேஸி என்ற பாட்டில் வரும் லார்டின் ஆர்கன் தொடக்கம் பற்றி எழுத நிறைய இருக்கிறது, தனி இழை போடுகிறேன், தாளக்கட்டு அங்கே வரவேண்டும்.